முதலில் தட்டுவது மெய்யோ, உயிரோ? தமிழ் விசைப்பலகையின் வரலாறு

மலாயாவுக்கு ரப்பரும் ரயிலும் வந்த காலத்தில், அவற்றின் பின்னாலேயே வந்து சேர்ந்த மற்றொரு பொருள் தட்டெழுத்துப் பொறி. தோட்டத்து அலுவலகங்களிலும், கிள்ளான் துறைமுகத்தைச் சார்ந்த வணிக நிறுவனங்களிலும், கோலாலம்பூர் பிரிக்பீல்ட்சில் குடியிருந்த ரயில்வேக்காரர்கள் வேலை பார்த்த அலுவலகங்களிலும் அப்பொறியின்முன் அமர்ந்திருந்தோருள் பலர் தமிழர். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த கிராணிமார் அவருள் முன்னணியில் நின்றனர். ஆயின் அவர்கள் அடித்தது ஆங்கிலம். நாள் முழுவதும் அயல்மொழிக் கடிதங்களை மளமளவென்று அடித்துத் தள்ளிய அதே கை, ஊருக்குத் தமிழில் ஒரு மடல் விடுக்க வேண்டுமாயின் பேனாவையே நாட வேண்டியிருந்தது.

தமிழ்த் தட்டெழுத்துப் பொறியின் தந்தை என்று போற்றப்படுபவர் இத்தகைய கிராணிமாருள் ஒருவரே. அவருக்கு அரை நூற்றாண்டு பிற்பட்டுத் தமிழைக் கணிப்பொறிக்குள் கொண்டு சேர்த்தோருள் ஒருவர் கோலாலம்பூர்த் தமிழர். இவ்விருவரையும் இணைக்கும் வினா ஒன்று உண்டு. ‘வி’ என்றோ ‘கொ’ என்றோ எழுதப் புகும்போது விரல் முதலில் தட்ட வேண்டியது எதனை? மெய்யையா, உயிர்க் குறியையா? கேட்பதற்குச் சிறுபிள்ளை வினாப்போலத் தோன்றும். ஆயின் இதற்கு ஒருமித்த விடை காணாமையால் தமிழர் இழந்தவை சில அல்ல.

நகரா விசை

ஆர். முத்தையா 1886ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்துச் சுண்டிக்குளியில் பிறந்தவர். 1907இல் சிங்கப்பூர் சென்று சிலகாலம் ரயில்வேயிலும், பின்னர் ஐல்ஸ்பரி அண்ட் கார்லாண்ட் என்னும் வணிக நிறுவனத்திலும் பணியாற்றினார். ஆங்கிலத் தட்டெழுத்தில் தேர்ந்த அவருக்கு, இதே பொறியில் தமிழும் வருதல் கூடாதா என்னும் எண்ணம் தோன்றியது இயற்கையே.

எண்ணுதல் எளிது, செய்தல் அரிது. அமெரிக்கராகிய ஷோல்ஸ் வகுத்து, ரெமிங்டன் நிறுவனம் 1874இல் விற்பனைக்குக் கொணர்ந்த பொறி, ஆங்கிலத்தின் 26 எழுத்துகளுக்காக ஆக்கப்பட்டது. 1878இல் ஷிப்டு விசை வந்தபின் ஒரே விசை இரண்டு எழுத்துகளைத் தாங்கிற்று. அவ்வாறாயினும், நாற்பதுக்குச் சற்று மேற்பட்ட விசைகளைக் கொண்ட பலகையில் தொண்ணூறு வடிவங்களுக்கு மேல் இடமில்லை. தமிழுக்கோ 247 எழுத்துகள். இவற்றோடு ஜ, ஷ, ஸ, ஹ முதலிய வடவெழுத்துகளும், எண்களும், நிறுத்தக் குறிகளும் வேண்டும்.

ஆகவே எழுத்துகளைத் துண்டுகளாக்குவதன்றி வேறு வழியில்லை. ‘கா’ என்பதனை ‘க’ என்றும் கால் என்றும் பிரிக்கலாம். ‘கெ’ என்பதனைக் கொம்பு என்றும் ‘க’ என்றும் பிரிக்கலாம். இவை பக்கத்தில் பக்கத்தில் நிற்பனவாதலால் பொறிக்கு இடர் இல்லை. இடர் விளைப்பவை ‘க்’, ‘கி’, ‘கீ’ போல்வன. புள்ளியும் விசிறியும் மெய்யெழுத்தின் தலைமேல் அமர வேண்டியவை. தட்டெழுத்துப் பொறியோ ஒவ்வொரு தட்டுக்கும் தாளை ஓர் அடி நகர்த்திவிடும். ‘க’வை அடித்துவிட்டுப் புள்ளியை அடித்தால், புள்ளி அடுத்த எழுத்தின் இடத்தில் போய் விழும். ஒவ்வொரு முறையும் தாளைப் பின்னுக்குத் தள்ளி அடிப்பதென்றால், பேனாவே மேல் என்றாகிவிடும்.

முத்தையா பயன்படுத்திய உபாயம் நகரா விசை. புள்ளி, விசிறி முதலிய சில குறிகளின் விசைகளைத் தட்டினால் குறி தாளில் பதியும், தாள் நகராது. அதன்பின் மெய்யின் விசையைத் தட்டினால், அவ்வெழுத்து அதே இடத்தில் குறியின்கீழ் வந்து பொருந்தும், தாளும் நகரும். ஐரோப்பிய மொழிகளில் எழுத்தின்மேல் இடும் சிறு கோடுகளுக்கு இவ்வகை விசை முன்னரே வழக்கில் இருந்தது. அதனைத் தமிழின் முழு நெடுங்கணக்குக்கும் அடிப்படையாக்கியதில்தான் நுட்பம் இருக்கின்றது. உகரம் ஏறிய எழுத்துகள் குறிக்கு அடங்காமல் வடிவமே மாறுவன என்பதனைக் கண்டு, அவற்றைத் தனி வடிவங்களாகத் தாய் எழுத்தின் விசையிலேயே மேல்நிலையில் அமைத்தமையும் பாராட்டத்தக்கது. ‘க’வின் விசையை ஷிப்டுடன் தட்டினால் ‘கு’. ‘ம’வின் விசையில் ‘மு’. ‘த’வின் விசையில் ‘து’. கற்பவனுக்கு நினைவுச் சுமை பாதியாயிற்று.

இப்பொறிகள் ஜெர்மனியில் டிரெஸ்டன் நகரத்து ஸைடல் அண்ட் நௌமான் தொழிற்சாலையில் செய்யப்பெற்றன. பெரிய மேசைப் பொறி முதலில் வந்தது. கையில் எடுத்துச் செல்லத்தக்க ‘பிஜோ’ என்னும் சிறு பொறி பின்னர் வந்து, தமிழரிடையே பரவலாக விலைபோயிற்று. 1945இல் குண்டுமாரியில் அழிந்த டிரெஸ்டன், போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனிக்குள் அகப்பட்டுக்கொண்டது. பொறி செய்யும் இடங்கள் மாறின. பலகையின் அடிப்படை மட்டும் நின்று நிலைத்தது. இடக்கையின் கீழ் ‘யளனக’, வலக்கையின் கீழ் ‘தமட’ என்னும் அவ்வரிசையைத் தமிழகத்திலும் இலங்கையிலும் மலேசியாவிலும் தலைமுறை தலைமுறையாக மாணாக்கர் மனப்பாடம் செய்தனர்.

கண் வரிசையும் செவி வரிசையும்

இவ்வமைப்பில் மறைந்துகிடந்த ஒரு திரிபினை அக்காலத்தில் எவரும் குறையாகக் கருதியதாகத் தோன்றவில்லை. உயிர்மெய்யில் மெய்யின் ஒலி முன்னும் உயிரின் ஒலி பின்னும் வரும் என்பது தொல்காப்பியம் முதலாகத் தமிழிலக்கணம் கூறும் முறை. பள்ளிச் சிறுவனும் ‘வ்’ கூட்டல் ‘இ’ என்றே ‘வி’யைக் கற்கின்றான். தட்டெழுத்துக்காரனோ விசிறியை முதலில் தட்டி, ‘வ’வைப் பின்னர்த் தட்டினான். ‘அம்மா’ என்று அடிக்க அவன் விரல் சென்ற வழி: அகரம், புள்ளி, மகரம், மகரம், கால். புள்ளி எந்த எழுத்துக்கு உரியது என்பது, அவ்வெழுத்து வருமுன்பே விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கையால் எழுதும்போது எவரும் இவ்வாறு எழுதுவதில்லை. கொம்பு ஒன்றுதான் எழுத்திலும் முன்னே வருவது.

இஃது எந்திரத்தின் கட்டாயம். தட்டுவதும், பதிவதும், காண்பதும் தட்டெழுத்துப் பொறியில் ஒரே செயல். அதனுள் நினைவென்று ஒன்று இல்லை; தாளே அதன் நினைவு. ஆதலால் முத்தையாவைக் குறை கூறுதற்கு இடமே இல்லை. குறை கூறத்தக்கவர் பின்வந்தோர். நினைவாற்றல் படைத்த பொறி ஒன்று கைக்கு வந்த பின்னரும் பழைய கட்டாயத்தையே கட்டிக்கொண்டு கிடந்தவர்கள் அவர்கள்.

திரையில் 2000 கட்டங்கள்

1981ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் ஐ.பி.எம். நிறுவனம் தனியாள் கணிப்பொறியை வெளியிட்டது. அதனோடு வந்த ஒருவண்ணத் திரை, குறுக்கே 80 எழுத்தும் நெடுக்கே 25 வரியுமாக 2000 கட்டங்களைக் கொண்டது. ஒவ்வொரு கட்டமும் 9 புள்ளி அகலம், 14 புள்ளி உயரம். எந்தக் கட்டத்தில் எந்த எழுத்து என்பதைக் கணிப்பொறி ஓர் எண்ணாகச் சொல்லும். அவ்வெண்ணுக்குரிய வடிவத்தை, திரையை இயக்கும் அட்டையிலுள்ள சில்லு வரைந்து காட்டும். சில்லில் 256 வடிவங்கள் அழிக்கவொண்ணாதபடி பொறிக்கப்பட்டிருந்தன. அவற்றுள் தமிழ் இல்லை என்று சொல்லவும் வேண்டுமோ?

இச்சிறைக்குள் அகப்பட்டவர் தமிழர் மட்டுமல்லர். வான் சுவன்னுகுல் என்னும் தாய்லாந்து மாணவர், அமெரிக்காவில் தம் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தாய் எழுத்துக் கலந்து எழுத விரும்பினார். திரை இடந்தரவில்லை. அவர் திரையட்டை ஒன்றைத் தாமே ஆக்கினார். 1982இல் வெளிவந்த ஹெர்குலிஸ் அட்டை அதுவே. திரை முழுவதையும் 720க்கு 348 புள்ளிகளாகக் கையாண்டு, எவ்வெழுத்தையும் எப்படத்தையும் வரைய அது வழிசெய்தது. உலகெங்கும் அலுவலகங்களில் பரவிய அந்த அட்டை, ஓர் ஆசிய மாணவர் தம் தாய்மொழியில் எழுத முயன்றதன் விளைவு என்பதை இந்நாளில் நினைப்பார் அருகிவிட்டனர். இதற்கு முன்பே சீன அறிஞர் லின் யூத்தாங், சீன எழுத்துக்கான பொறி ஒன்றை 1947இல் செய்து காட்டித் தம் செல்வத்தையெல்லாம் அதில் இழந்தார். 1954இல் சிங்கப்பூர் நன்யாங் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்புக்கு அழைக்கப்பெற்றவர் அவரே. எழுத்துப் பொறியின் வரலாற்றில் இவ்வட்டாரம் அடிக்கடி தலைகாட்டுவது வியப்புக்குரியது.

தமிழுக்கு வருவோம். 256 இடங்களில் முதற்பாதி ஆங்கிலத்துக்கு உரியது. எஞ்சிய 128இல் தமிழை அடக்க வேண்டும். திரையின் கட்டத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக அடிக்க இயலாதாகையால், நகரா விசையின் உபாயம் இங்குச் செல்லாது. புள்ளியெழுத்தும் இகர ஈகார எழுத்துகளும் தனித்தனி வடிவங்களாகவே வேண்டும். கணக்கிட்டுப் பார்ப்போர்க்கு ஒரு வேடிக்கை புலனாகும். உயிர் 12, ஆய்தம் 1. அகரம், புள்ளி, இகரம், ஈகாரம், உகரம், ஊகாரம் ஆகிய ஆறு வரிசைகளுக்குப் பதினெட்டுப் பதினெட்டாக 108. கால், ஒற்றைக் கொம்பு, இரட்டைக் கொம்பு, ஐகாரக் குறி என நான்கு. ஆகமொத்தம் 125. மூன்றே இடங்கள் மிச்சம்! தனித்தமிழ் எழுதுவோர்க்கு இஃது உவப்பான கணக்கு. ஆயின் ஜொகூருக்கும் ஷா ஆலத்துக்கும் முகவரி எழுத வேண்டிய மலேசியத் தமிழர் என் செய்வது? மேலும், ‘ண’கரத்தின் மூன்று சுழிகளை ஒன்பது புள்ளி அகலத்தில் வரைந்து பார்த்தோர்க்கே அதன் துன்பம் தெரியும்.

இந்நிலையில்தான் பலர் பல இடங்களிலிருந்து முனைந்தனர். கான்பூர்த் தொழில்நுட்பக் கழகத்தில் தொடங்கிப் புனேயின் சி-டாக் நிறுவனத்தில் வளர்ந்த ‘ஜிஸ்ட்’ அட்டை, கணிப்பொறிக்குள் செருகத்தக்கதாய், இந்திய எழுத்துகள் அனைத்தையும் திரையில் காட்டிற்று. கனடாவிலிருந்து சீனிவாசன் ‘ஆதமி’ என்னும் தமிழ்ச் செயலியை ஆக்கினார். கோலாலம்பூரில் முத்து நெடுமாறன் 1985இல் ‘முரசு’ செயலியைத் தொடங்கினார். இவர் மலேசியத் தமிழ்க் கவிதைகளைத் தேடித் திரட்டிக் களஞ்சியமாக வெளியிட்ட கவிஞர் முரசு நெடுமாறனின் புதல்வர். தந்தை தொகுத்தது கவிதை. மைந்தர் தொகுத்தது அக்கவிதையை எழுதும் எழுத்து. ‘முரசு’ பின்னர் ‘முரசு அஞ்சல்’ என வளர்ந்தது. அதன் ‘அஞ்சல்’ விசைப்பலகை, ஒலிக்குரிய ஆங்கில எழுத்தைத் தட்டினால் தமிழைத் தந்தது. முறைப்படி தட்டெழுத்துப் பயிலாத, ஆனால் ஆங்கில விசை பழகிய ஆயிரக்கணக்கானோர்க்கு அது கதவு திறந்துவிட்டது. ஆங்கில எழுத்தை ஏணியாக்கித் தமிழில் ஏறுவது தகுமா என்று முகஞ்சுளித்தோரும் உளர். அவர்கள் ஒன்றை மறந்தனர். ‘வ்’ முன், ‘இ’ பின் என்னும் செவி வரிசையைத் தமிழர் விரலுக்கு மீண்டும் பழக்கியவற்றுள் இம்முறையும் ஒன்று.

குப்பையான எழுத்துகள்

1990களில் விண்டோஸ் வந்தபின் திரையில் தமிழைக் காட்டுவது எளிதாயிற்று. எளிதானதே வினையாக முடிந்தது. எழுத்துரு செய்தோர் ஒவ்வொருவரும் ஒவ்வோர் எழுத்தைத் தமக்குத் தோன்றிய எண்ணில் வைத்தனர். ஒருவர் ‘க’ வைத்த எண்ணில் மற்றவர் ‘ழ’ வைத்தார். கோலாலம்பூரில் அடித்து அனுப்பிய கட்டுரையைச் சென்னையில் திறந்தால், பொருளற்ற குறிகளின் கூட்டமே காணப்பட்டது. பெரும்பாலான எழுத்துருக்கள் தட்டெழுத்துப் பொறியின் கண் வரிசையையே நினைவிலும் சேமித்தன. ‘கொ’ என்பது அவற்றுள் கொம்பு, ககரம், கால் என மூன்று துண்டு. அகர வரிசைப்படுத்தச் சொன்னால், ‘கெ’ ‘கே’ எல்லாம் ககரத்தை விட்டுப் பிரிந்து கொம்பின்கீழ்ப் போய் நின்றன. தேடினால் சொல் அகப்படவில்லை. அவ்வெழுத்துருக்கள் வழக்கொழிந்தபின் அவற்றில் அடித்த கதைகளும் கட்டுரைகளும் கோவில் மலர்களும் சங்க அறிக்கைகளும் திறப்பாரற்றுக் கிடந்தன. ஓலைச்சுவடியைச் செல்லரித்தற்கு நூற்றாண்டுகள் பிடித்தன. இதற்குப் பத்தாண்டே போதுமானதாயிற்று.

இக்கேட்டை உணர்ந்து முதலில் கூட்டங்கூட்டியவர் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி. 1995இலேயே இணையத்தில் தமிழை ஏற்றிக் காட்டியவர் அவர். 1997 மே மாதத்தில் அவர் முயற்சியால் சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு கூடியது. அடுத்து 1999 பிப்ரவரியில் சென்னையில் மாநாடு. அவ்வாண்டே மே மாதத்தில் கோவிந்தசாமி மறைந்தார். 2000இல் உத்தமம் என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் அமைந்தது. 2001 ஆகஸ்டில் அதன் மாநாடு கோலாலம்பூரில் நடைபெற்றது.

இவற்றுள் 1999இல் பிறந்த ‘தமிழ்99’ விசைப்பலகை தனித்துக் கூறத்தக்கது. உயிர்கள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. மிகுதியாக வரும் க, ப, ம, த, ந ஆகியவை வலக்கை விரல்கள் ஓய்ந்திருக்கும் நடு வரிசையில். ‘வ’வைத் தட்டி ‘இ’யைத் தட்டினால் ‘வி’. ஒரே மெய்யை இருமுறை தட்டினால் முதலெழுத்தின்மேல் புள்ளி தானே ஏறும். ‘ந’வை அடுத்துத் ‘த’ வந்தாலும், ‘ண’வை அடுத்து ‘ட’ வந்தாலும் அவ்வாறே. மெல்லினத்தின்பின் அதன் இன வல்லினம் வருதல் தமிழின் இயல்பென்பதைப் பொறிக்கே கற்பித்துவிட்டனர். ‘அம்மா’ இப்பலகையில் நான்கே தட்டு. விரல் தட்டும் வரிசை வேறு, பொறி நினைவிற் கொள்ளும் வரிசை வேறு, கண் காணும் வரிசை வேறு எனப் பிரித்தமையே இதன் உட்பொருள்.

நினைவு வரிசைச் சிக்கலைத் தீர்த்தது யூனிகோடு. 1991இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு 128 இடங்கள் ஒதுக்கப்பட்டன. இந்திய அரசின் 1988ஆம் ஆண்டு நெறியை அடியொற்றித் தேவநாகரியின் அச்சில் தமிழை வார்த்தமையால், ‘க’வுக்கும் ‘ங’வுக்கும் இடையில் வடமொழியின் மூன்று ககரங்களுக்குரிய நாற்காலிகள் ஆளின்றிக் கிடக்கின்றன. இதனைப் பொறாது வெகுண்டவர் பலர். ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனியிடம் வேண்டும் என்னும் கோரிக்கையின் பயனாய், 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடோடு ‘டேஸ்16’ என்னும் நெறியையும் ஏற்றது. எனினும் உலகின் பொறிகள் யூனிகோடையே பின்பற்றின. அதில் ‘கொ’ என்பது ககரமும் ஒகரக் குறியும். கொம்பை முன்னே இழுத்து, காலைப் பின்னே நிறுத்திக் காட்டுவது எழுத்துருவின் வேலை. 2000ஆம் ஆண்டின் விண்டோசில் தமிழ் யூனிகோடு இடம்பெற்றது. ஆப்பிள் கணிப்பொறியில் முத்து நெடுமாறன் வடித்த ‘இணைமதி’ எழுத்துரு ஏறிற்று.

இதன் விளைவாக வேறொரு பழைய வழக்கும் வலுவிழந்தது. பெரியார் 1935இல் நடைமுறைப்படுத்திய எழுத்துச் சீர்திருத்தத்தை 1978இல் தமிழ்நாட்டு அரசு ஏற்றபோது, அச்சுக்கும் தட்டெழுத்துக்கும் எளிமை என்பது வலுவான காரணமாய் நின்றது. பின்னர், இகர ஈகார உகர ஊகார வரிசைகளையும் குறியிட்டுச் சீராக்க வேண்டும் என்று வா. செ. குழந்தைசாமி முதலியோர் வாதித்தனர். கற்கும் குழந்தையின் சுமை பற்றிய அவர்தம் வாதம் தனியே ஆராய்தற்குரியது. ஆயின் பொறியின் பொருட்டு எழுத்தை மாற்ற வேண்டும் என்பாராயின், அக்காரணம் இனிச் செல்லாது. எவ்வளவு வளைந்த வடிவத்தையும் பொறி முணுமுணுக்காமல் வரைகின்றது.

கண்ணாடிமேல் விசை

கைப்பேசி வந்தபோது விசைகள் மீண்டும் சுருங்கின. எண் விசைகள் பன்னிரண்டே கொண்ட பேசிகளில் தமிழ்க் குறுஞ்செய்தி அனுப்ப 2005இல் வந்தது ‘செல்லினம்’. முத்து நெடுமாறனின் ஆக்கமே. பின்னர் விசைகளே மறைந்து, கண்ணாடித் திரையில் வரைந்த பலகை வந்தது. 2013இல் ஆப்பிள் தன் கைப்பேசியில் ‘தமிழ்99’, ‘அஞ்சல்’ ஆகிய இரண்டையும் சேர்த்தது. கணிப்பொறியோடு வந்த சுட்டிக்கு இத்தொல்லை எதுவும் இருந்ததில்லை. 1968இல் எங்கல்பார்ட் அதனை உலகுக்குக் காட்டிய நாள்தொட்டு அது மொழியறியாத கருவி. சுட்டுவிரலுக்கு இலக்கணம் ஏது?

முத்தையாவின் வரிசையும் மறைந்துவிடவில்லை. ‘பாமினி’ முதலிய எழுத்துருக்களின் வழியாக அச்சகங்களிலும் கணிப்பொறிகளிலும் அது நெடுங்காலம் வாழ்ந்தது. பழகிய கைக்கு அதன் வேகத்தைப் பிற பலகைகள் எளிதில் தரா. ஆங்கிலக் கைகளால் ‘அஞ்சல்’ அடிப்போரும், இளமையிலேயே ‘தமிழ்99’ பயின்றோரும், ‘யளனக’ கற்ற முதியோரும் ஒரே செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பிக்கொள்ள இன்று தடையில்லை. அடித்த வழி எதுவாயினும், சேமிப்பில் நிற்பது மெய் முன், உயிர் பின். ‘கொ’ என்று அடித்துவிட்டு அழிவிசையை ஒருமுறை தட்டிப் பார்த்தால் இது தெரியும். கண்ணுக்குக் கடைசியாக நிற்பது கால் என்றாலும், அது மட்டும் போய்க் ‘கெ’ எஞ்சுவதில்லை. கொம்பும் காலும் ஒருங்கே நீங்கி, ‘க’ மட்டும் நிற்கின்றது.